அக்காவின் ஒரு சீட் கார்

என் அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் ஒரு ரேஸ் கார் வாங்கினாள். இதைச் சொன்னால் கொழும்பு வெள்ளவத்தையில் இன்றைக்கும் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிற அத்தனை பேரும் ஏதாவது ஒரு நாள் அவளுடைய பழைய டீசல் வான் வண்டியில் சும்மா ஏறிப் போனவர்கள்தான். நானும் ஏறினவன்தான், ஆனால் நான் சிரிக்கவில்லை, சத்தம் போட்டேன். எதற்கெடுத்தாலும் எனக்குச் சத்தம் போடத்தான் தெரியும் என்று என் மனைவி சொல்வாள்.

அப்பா திடீரென்று போனபோது அக்காவுக்கு இருபது வயது. வாசலில் அவருடைய கார் நின்றது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன், அம்மாவுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அக்கா போய் லைசென்ஸ் எடுத்தாள். அன்றைக்குப் பிடித்த ஸ்டீயரிங்கை அவள் பிறகு விடவேயில்லை. காலையில் காப்புறுதிக் கம்பனிக்கு வேலைக்குப் போகிற வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவாள். பின்னேரம் அம்மாவைக் கோயிலுக்கு ஏற்றுவாள். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு போவதற்காக வந்து எங்கள் வீட்டில் தங்கிய சொந்தக்காரர்களை எம்பசி வாசல்களுக்கும் பொலிஸ் பதிவுக்கும் கொண்டுபோய்க் கொண்டுவந்தாள். அப்படிப் போனவர்கள் பிறகு பிள்ளை குட்டிகளோடு லீவுக்கு வந்தார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் போய் அவர்களைக் கூட்டி வருவதும் அவள்தான், நுவரெலியா காட்டுவதும் அவள்தான். கார் போதாமல் வான் வாங்கினாள். "நீ இருக்கேக்க எங்களுக்கு டாக்ஸி என்னத்துக்கு?" என்பார்கள். அதைப் பாராட்டு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கலியாணம் பேசி வந்தார்கள். ஒன்றிரண்டு நல்ல இடம். ஆனால் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்தம் செய்ய ஓயாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்த காலம் அது. "அம்மாவை ஆர் கொண்டு போறது?" என்று அக்கா கேட்டாள். வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள், அக்கா அம்மாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அம்மா போய்ச் சேரும்போது அக்காவின் தலை நரைத்துவிட்டது. போதாக்குறைக்கு அம்மாவுக்கு இருந்த சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவளுக்கும் பிடித்திருந்தது.

கார் வந்த கதைக்கு வருகிறேன். கிருலப்பனையில் ஒரு கராஜ் இருக்கிறது. எங்கள் வானுக்கு என்ன வந்தாலும் அங்கேதான். கராஜ் முதலாளி ஒரு முஸ்லிம் மனிதர், வாய் நிறைய அக்கா அக்கா என்பார். அவருக்குக் கார்ப் பந்தயப் பைத்தியம். வருடக்கணக்காக ஒரு சின்ன ஜப்பான் காரைப் பந்தயத்துக்கென்றே கழற்றிப் பூட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு முதுகு பிடித்துக்கொண்டது, வீட்டில் சண்டை, காரும் புதிதாக வந்த கார்களோடு ஓடி ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கியது. கதவில் ஒட்டியிருந்த பந்தய இலக்கத்தைச் சுரண்டிவிட்டு விற்கப் போட்டிருந்தார். வானுக்கு ஒயில் மாற்றப் போன இடத்தில் அக்கா அதைக் கண்டாள். நானும் கூட நின்றேன்.

"இதென்ன, உள்ளுக்க ஒண்டுமில்லை?" என்று அக்கா கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்தாள். உள்ளே வெறும் தகரம். நாலு பக்கமும் இரும்புக் குழாயில் ஒரு கூண்டு.

"ரேஸ் கார்தானே அக்கா. பாரம் கொறயணும். ஏசி இல்ல, ரேடியோ இல்ல, பின் சீட் இல்ல. ஓட்டுற ஆளுக்கு மட்டும் ஒரு சீட் ஈக்கி."

"பக்கத்தில ஒருத்தரும் இருக்கேலாதோ?"

"ஏலா. வேற ஆள ஏத்தவே ஏலா."

அக்கா காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். "ஒருத்தரையும் ஏத்தேலாது" என்று தனக்குள் சொன்னாள். அவள் குறை சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

இனிப் பந்தயத்துக்கு உதவாத இப்படியான கார்களைச் சிலர் ட்ராக் டேக்கு என்று வாங்குவார்களாம். குருநாகல் பக்கம் தென்னந்தோட்டங்களுக்கு நடுவில் ஒரு பந்தய ஓடுதளம் இருக்கிறது. குறித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து விடுவார்கள். போட்டி இல்லை, பரிசு இல்லை. காசைக் கட்டிவிட்டு, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, உன் முறை வரும்போது உன் காரில் நீ சுற்றலாம். எதிரில் ஒருவரும் வரமாட்டார்கள். ஹோர்ன் அடிக்க ஆள் இல்லை, திரீவீல் இல்லை, பஸ் இல்லை. கராஜ்காரர் இதையெல்லாம் சொல்லச் சொல்ல அக்கா குழந்தைப்பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அடுத்த கிழமை வாங்கிவிட்டாள். ஓய்வுபெற்றபோது கிடைத்த காசில் எவ்வளவு போனது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வீட்டில் நான் போட்ட சத்தம் காலி வீதி வரைக்கும் கேட்டிருக்கும். "ரோட்டில ஓட்டேலாத கார் என்னத்துக்கு அக்கா உனக்கு? நம்பர் பிளேட் இல்லை, இன்னொரு லொறியில ஏத்தித்தான் கொண்டு போகவேணும். இது காரோ, இல்லாட்டிக் கட்டிலோ?"

அக்கா பயத்தங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. "ரோட்டில ஓட்டினால் நீங்கள் எல்லாரும் கையைக் காட்டி மறிச்சு ஏறிப்போடுவியளடா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் சுருக்கென்றது. அவள் பகிடிக்குச் சொல்லவில்லை.

"நானும் பென்ஷன், அதுவும் பென்ஷன். ஒருத்தரை ஒருத்தர் விளங்கிக்கொள்ளுவம்" என்றாள் பிறகு.

புது வாகனம் வாங்கினால் எங்கள் ஆட்கள் முதல் வேலையாகக் கோயிலுக்குத்தானே கொண்டு போவார்கள்? அக்காவும் விடவில்லை. ரேஸ் கார் என்றால் மட்டும் பிள்ளையார் வேண்டாம் என்று சொல்வாரோ என்று கேட்டாள். கார் ஏற்றும் லொறியில் அதைக் கொண்டுவந்து கோயில் ஒழுங்கையில் இறக்கினோம். ஐயர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதுக்கு மற்ற சீட்டுகள் இனித்தான் பூட்டுறதோ?" என்று கேட்டார். "இல்லை ஐயா, இவ்வளவுதான்" என்றாள் அக்கா. சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, நாலு டயருக்கும் முன்னால் ஒவ்வொரு தேசிக்காய் வைத்தார். அக்கா குழாய்களுக்குள்ளால் காலைப் போட்டு உள்ளே இறங்கி, பொத்தானை அமத்தினாள். ஐயோ, அந்தச் சத்தம்! கோபுரத்துப் புறா எல்லாம் எழும்பிப் பறந்தது. பூக்கடைக்காரி காதைப் பொத்திக்கொண்டு பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கார் மெல்ல உருண்டு நாலு தேசிக்காயையும் நசித்துவிட்டு நின்றது. அக்காவின் முகத்தைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். அம்மா செத்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

தன் காரில் அவள் தனியே ஓடிய தூரம் அவ்வளவுதான். தேசிக்காய் நசிகிற தூரம். அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது.

ட்ராக் டேக்கு ஒரு மாதம் இருந்தது. அக்கா பெயரைக் கொடுத்து, காசு கட்டி, ஹெல்மெட் வாங்கினாள். கொண்டை ஹெல்மெட்டுக்குள் போகவில்லை. இரண்டு நாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு, சலூனுக்குப் போய்த் தலைமயிரைத் தோளோடு வெட்டிவிட்டு வந்தாள். யாரோ அந்த ஓடுதளத்தில் ஓடி எடுத்த வீடியோ அவளுடைய போனில் இருந்தது. சாப்பிடும்போதெல்லாம் அதைப் போட்டுவிட்டு மேசையில் விரலால் வளைவுகளைக் கீறுவாள். "இதில இரண்டாம் கியருக்கு இறக்கவேணும். இதில பொறுத்து, பொறுத்து, இப்ப அமத்து" என்று தனக்குள் கதைப்பாள். என் மனைவி கறிச்சட்டியோடு நின்று பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். வளைவு வளைவாக அந்த இடம் முழுவதும் அவளுக்குப் பாடமாகிவிட்டது.

ட்ராக் டேக்குப் பத்து நாளுக்கு முன்பு கொட்டாஞ்சேனையில் பெரியப்பா செத்துப்போனார். அப்பாவின் தமையன். தொண்ணூறை எட்டின மனிதர், நித்திரையிலேயே போய்விட்டார். நல்ல சாவு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

செத்தவீடு என்றால் வேறென்ன, அக்காவின் வான்தான். ஐஸ் பெட்டிக்காரனிடம் ஓடினாள், பூமாலைக்கு ஓடினாள், ரொறன்ரோவிலிருந்து வந்த பெரியப்பாவின் மகனைக் கட்டுநாயக்காவிலிருந்து ஏற்றி வந்தாள். கனத்தை மயானத்தில் எரித்துவிட்டு வந்த அன்று வத்தளை ஆட்களை வத்தளையிலும் கிருலப்பனை ஆட்களைக் கிருலப்பனையிலும் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்தபடியே நித்திரையாகிப் போனாள்.

இரண்டு நாளில் அத்தை வந்தா. அப்பாவின் தங்கை, எங்கள் குடும்பத்தின் சட்டப் புத்தகம். வந்து இருந்து தண்ணீர் குடித்துவிட்டு, "வாற ஞாயிறு காரோட்டப் போறியாம்?" என்று அக்காவைக் கேட்டா.

"ஓம் அத்தை. முதலே காசு கட்டினது."

"துடக்கு வீட்டுக்காரி போய்க் கார் விளையாடுறதோ? சனம் என்ன கதைக்கும்?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்களில் ஒருவர் செத்தால் அந்த வீட்டு ஆண்வழிச் சொந்தம் எல்லோருக்கும் துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து கழிக்கும்வரை கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை. கலியாணம் முடித்துப்போன பெண்களுக்கு மட்டும் அது இல்லை, அவர்கள் புருஷன் வீட்டுக் கணக்கு.

அத்தை அதையும் சொன்னா. சொல்லாமல் விட்டிருக்கலாம். "நீ கலியாணம் முடிச்சுப் போனவளெண்டால் பெரியப்பான்ர துடக்கு உனக்கு இல்லை. நீ கொப்பர் வீட்டுப் பிள்ளைதானே. உனக்கு முப்பத்தொண்டு மட்டும் இருக்கு."

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. எங்களை ஏற்றி இறக்குவதற்காகத்தானே அவள் கலியாணம் முடிக்காமல் நின்றாள்! அதற்கும் சேர்த்து இப்போது தண்டனையா? "துடக்கு எங்களுக்கு. நீங்கள் வேற வீட்டுக்குப் போன ஆள், நீங்கள் ஏன் துள்ளுறியள்?" என்று கத்தினேன். அத்தை அழத் தொடங்கினா. என் மனைவி என்னை உள்ளே இழுத்தாள். "நீ போ அக்கா, ஆர் என்ன சொல்லுறான் எண்டு நான் பாக்கிறன்" என்று உள்ளே இருந்தும் கத்தினேன்.

அக்கா போகவில்லை.

"பெரியப்பா என்னில எவ்வளவு பட்சம். அந்தாளின்ர சாம்பல் ஆறமுந்தி நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நிண்டால் எனக்கே நல்லா இருக்காது" என்றாள். "ட்ராக் டே ஒண்டோட முடியிறதே? அடுத்தது வரும்."

உண்மைதான், அடுத்தது வரத்தான் வந்தது. அந்தியேட்டி முடிந்து மூன்று கிழமையில் இன்னொன்று என்று அறிவித்தார்கள். அக்கா அன்றைக்கே பெயரைக் கொடுத்தாள்.

அந்தியேட்டிக்கு விடியற்காலையிலேயே காக்கைதீவுக் கடற்கரைக்குப் போனோம். களனி ஆறு கடலில் விழுகிற இடத்துக்குக் கிட்ட, கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சைவ ஆட்கள் எல்லோரும் இந்தக் கிரியைக்குப் போகிற இடம். அக்காவின் வானில் பத்துப் பேருக்கு மேல். இறங்கும்போது எல்லோரும் செருப்பை வானுக்குள்ளேயே கழற்றிவிட்டு இறங்கினோம். அங்கே ஒருவரும் செருப்போடு நிற்பதில்லை. சீனி வருத்தக்காரி வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று டொக்டர் தலைகீழாக நின்று சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் அது யாருக்கு ஞாபகம்? அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் என் மனைவிக்கும் இல்லை. ஐயர் மந்திரம் சொன்னார், ரொறன்ரோ அண்ணர் பிண்டத்தைக் கடலில் விட்டார், நாங்கள் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு திரும்பினோம். கரையெல்லாம் உடைந்த போத்தலும் சிப்பியும்.

கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் எல்லோரையும் இறக்கிவிட்டு வானைத் திருப்பும்போதுதான் கண்டேன். பிரேக்கிலும் ஆக்சிலேட்டரிலும் இரத்தம். கால்விரிப்பெல்லாம் இரத்தம்.

"அக்கா, கால்!"

அவள் குனிந்து பார்த்தாள். வலது உள்ளங்காலில் ஒரு வெட்டு. "நோகேல்லையடா" என்றாள். சீனி வருத்தத்தில் அவளுடைய கால் எப்போதோ மரத்துப்போயிருந்தது. கழுவி, மஞ்சள் வைத்து, பிளாஸ்டர் ஒட்டினாள். பிறகு உள்ளே போய் அத்தனை பேருக்கும் சோறு பரிமாறினாள்.

நான் இரண்டு தரம் கேட்டேன். "காய்ஞ்சிட்டுது" என்றாள். என் மனைவி கேட்டாள். அவளுக்கும் அதே பதில். சப்பாத்துப் போட்டுக்கொண்டே வீட்டுக்குள் நடந்தாள். குளிருது என்று சொன்னாள். வெள்ளவத்தையில் குளிருதாம்! ரொறன்ரோ அண்ணரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டதும் அவள்தான், அதே காலோடு. அன்றைக்கு இரவு காய்ச்சல் அடித்து விழுந்தபோதுதான் என் மனைவி சப்பாத்தைக் கழற்றினாள். அந்த மணம் என் மூக்கை விட்டு இன்னும் போகவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று ஆஸ்பத்திரியில் வைத்துக் கேட்டேன். கேட்டேன் என்பதைவிடக் கத்தினேன் என்பதுதான் சரி. பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா, "மல்லி, மெதுவா" என்று கையால் காட்டினா. மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

"டொக்டரிட்டப் போனால் கார் ஓட்டாதை எண்டு சொல்லுவினம்" என்றாள் அக்கா. "ஞாயிறு முடிய வருவம் எண்டு நினைச்சனான். இன்னும் ஆறு நாள்தானேடா இருந்தது."

அந்த ஆறு நாள் அவளுக்குக் கிடைக்கவில்லை. விஷம் ஏறிவிட்டது, உயிர் வேண்டுமென்றால் கால் போகவேண்டும் என்றார்கள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ட்ராக் டே நடந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மயக்கம் தெளிந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மழையா வெயிலா என்று கேட்டாள். நல்ல வெயில் என்றேன். "அப்ப நல்லா ஓடியிருப்பினம்" என்றாள். நான் வெளியே போய்ப் படிக்கட்டில் இருந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லோரும் பார்க்க வந்தார்கள், டாக்ஸியில். அத்தை வந்து கட்டிலில் இருந்து, அக்காவின் மற்றக் காலைத் தடவிக்கொண்டே இருந்தா. அக்காதான், "அழாதேங்கோ அத்தை, துடக்கெல்லாம் கழிஞ்சுது" என்று சொன்னாள். அத்தைக்கு இன்னும் அழுகை கூடியது.

கராஜ்காரர் ஒரு நாள் போன் எடுத்தார். தன் கராஜிலேயே நிற்கிற காரை ஒருவர் கேட்கிறார், அவசரமில்லை, அக்காவின் விருப்பம் என்றார். அக்கா யோசிக்கவே இல்லை. "குடுத்துவிடுங்கோ. ஒருக்கா வந்து பாத்திட்டு, பேந்து குடுப்பம்" என்றாள்.

வானை நான் ஓட்டினேன். அக்கா பக்கத்துச் சீட்டில். அந்த வானில் அந்தச் சீட்டில் அவள் இருந்து நான் ஒருநாளும் கண்டதில்லை. காலி வீதியிலிருந்து திரும்பும்வரை பொறுத்தாள், பிறகு தொடங்கினாள். "கிளச்சில காலை வச்சுக்கொண்டு போகாதையடா. அது என்ன கால்மிதியோ?" "அந்த பஸ்ஸுக்கு இடம் விடு, அவன் விடமாட்டான்." "கெதியாப் போ, பின்னால நிக்கிறவன் பேசுறான்." இரண்டு ஊன்றுகோலும் அவளுடைய மடியில் கிடந்தன. பேசட்டும் என்று கேட்டுக்கொண்டே போனேன்.

டயர் சப்பையாகாமல் இருக்க கராஜ்காரர் காரை நாலு தாங்கிகளில் உயர்த்தி வைத்திருந்தார். சக்கரங்கள் நிலத்தில் முட்டவில்லை. காரின் நெற்றியில் ஐயர் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது. அக்கா அதைச் சுற்றி நடந்தாள். ஊன்றுகோல் சீமெந்தில் டொக்கு டொக்கு என்று கேட்டது. ஒரு சுற்று முடிந்ததும், "ஏத்திவிடுங்கோ" என்றாள்.

"அக்கா, வேணாம்" என்றார் கராஜ்காரர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து கைகொடுத்தார். நாங்கள் இருவரும் அவளைத் தூக்கிக் குழாய்களுக்கு மேலால் சீட்டில் இறக்கினோம். பட்டிகளை அவளே பூட்டினாள். வலது பக்கச் சல்வார்த் துணி முழங்காலுக்குக் கீழே மடித்துக் குத்தியிருந்தது. இடது காலால் கிளச்சை மிதித்துப் பொத்தானை அமத்தினாள். இயந்திரம் அதே சத்தத்தோடு எழும்பியது.

அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியவில்லை. கியர் போடலாம், ஸ்டீயரிங் பிடிக்கலாம். ஆக்சிலேட்டரை மிதிக்கக் கால் இல்லை. குனிந்து அந்த மிதியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் மற்றக் கதவால் உள்ளே ஏறினேன். பக்கத்தில்தான் சீட் இல்லையே. வெறும் தகரத்தில் பக்கவாட்டில் படுத்து, அவள் முழங்காலுக்குக் கீழால் கையை நீட்டி, ஆக்சிலேட்டரில் உள்ளங்கையை வைத்தேன். தகரம் முதுகில் அதிர்ந்தது.

"அமத்தட்டே?"

"பொறு. நான் சொல்லேக்க."

அவள் கண்ணை மூடினாள். "அமத்து" என்றாள். அமத்தினேன். முன் சக்கரங்கள் வெறும் காற்றில் சுழலத் தொடங்கின. "விடு." கிளச், கியர். "அமத்து. இன்னும். இன்னும்." கராஜ்காரர் வெளியே நின்று மெல்ல மெல்ல என்று கத்துவது கேட்டது. சுவரில் தொங்கிய கலண்டர் காற்றில் படபடத்து அடித்தது. "விடு. இரண்டுக்கு இறக்கிறன்." ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தாள், பிறகு வலப்பக்கம். எனக்கு அப்போதுதான் விளங்கியது. சாப்பாட்டு மேசையில் விரலால் கீறிக் கீறிப் பாடமாக்கிய அந்த ஓடுதளத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு வளைவையும் விடவில்லை. "பொறு, பொறு, இப்ப அமத்து" என்றாள். நான் அழுதுகொண்டு அமத்தினேன். நேர்ப் பாதை வந்திருக்கவேண்டும், "முழுக்க அமத்தடா" என்று கத்தினாள். அவள் கத்தி நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. கத்துகிற ஆள் நான்தானே.

ஒரு சுற்று முடிந்தது. "விடு" என்றாள். இயந்திரத்தை நிற்பாட்டினாள். சக்கரங்கள் கொஞ்ச நேரம் தாமே சுழன்று ஓய்ந்தன.

நான் எழும்பவில்லை. அப்படியே தகரத்தில் கிடந்து மேலே பார்த்தேன். அக்கா கண்ணைத் திறந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்தது" என்றாள். பிறகு குனிந்து, கீழே கிடந்த என்னைப் பார்த்தாள். மெல்லச் சிரித்தாள். "இதிலயும் உன்னை ஏத்திக்கொண்டுதானேடா போனனான்."

அவள் என் தலைமயிரைக் கையால் ஒருக்கா உலுப்பிவிட்டாள், நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இறக்கிவிடும்போது செய்வது மாதிரி.

"இறங்கு" என்றாள். "கொஞ்ச நேரம் நான் தனிய இருக்கிறன்."

இறங்கிக் கதவைச் சாத்தினேன். கராஜ்காரர் வேலை செய்துகொண்டிருந்தவர்களைக் கையைக் காட்டி வெளியே வரச் சொன்னார். எல்லோரும் வாசலில் வெயிலில் நின்றோம். உள்ளே அக்கா நிறுத்தி வைத்த காரில், இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, நேரே முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவள் கூப்பிடும்வரை நான் உள்ளே போகவில்லை.